வலையமைப்புச் செய்முறைத் தேர்வில் எண்களைப் படிக்கும் முறை

சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சிசிஐஇ போன்ற கணினி வலையமைப்புச் செய்முறைத் தேர்வின் வினாத்தாளை முதன்முறையாகத் திறப்பவரை முதலில் எதிர்கொள்பவை எண்களே. ஐபி முகவரிகள், விலான் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து அமைக்கும் மெய்நிகர் வலையமைப்பு) எண்கள், ரவுட்டர்களின் வரிசை எண்கள், தன்னாட்சி அமைப்புகளின் (ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் வலையமைப்புத் தொகுதிகளின்) எண்கள், இவற்றுக்கு நடுவே எண் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் எக்ஸ், ஒய் என்ற எழுத்துகள் எனப் பக்கம் முழுவதும் எண்களால் நிரம்பியிருக்கும். ஓஎஸ்பிஎஃப் என்னும் வழிகாட்டும் நெறிமுறை எப்படி இயங்குகிறது என்பதை நன்றாக அறிந்தவர்கள்கூட, ஓர் எண்ணைத் தவறாகப் படித்ததால் ஒரு முழுப் பகுதியின் மதிப்பெண்ணை இழப்பதைப் பயிற்சி வகுப்புகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் நீளும் ஒரு தேர்வில் இத்தகைய இழப்பு மனத்தைப் பெரிதும் வருத்தும். சற்று நேரம் ஒதுக்கிப் பயின்றால் அதை முற்றிலும் தவிர்த்துவிடலாம். அந்தப் பயிற்சிக்கு உதவவே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

எண்கள் மீதான பற்று இத்துறையின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. சிசிஐஇ தேர்வு 1993இல் தொடங்கியபோது, தேர்ச்சி பெறுவோருக்கான எண்வரிசை 1இல் தொடங்காமல் 1024இல் தொடங்கியது. 1024 என்பது இரண்டின் பத்தாம் அடுக்கு. அந்த முதல் எண் எந்த மனிதருக்கும் தரப்படாமல் தேர்வுக்கூடத்திற்கே தரப்பட்டது. 1026ஆம் எண்ணைப் பெற்ற டெர்ரி ஸ்லாட்டரி, சிஸ்கோவின் ஊழியராக இல்லாமல் இத்தேர்வில் தேறிய முதல் மனிதராக அறியப்படுகிறார்.

தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்ற உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட பின்னரே தேர்வர்கள் உள்ளே செல்கிறார்கள். ஆகவே இங்கே நான் தரும் எடுத்துக்காட்டுகள் யாவும் நானே அமைத்தவை. மரபுகளைக் கற்றுக்கொள்ள உண்மையான கேள்விகள் தேவையும் இல்லை.

முதற்படி: எழுத்துகளின் பொருளை உறுதிசெய்தல்

பயிற்சித் தாள்களின் முதற்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு குறிப்பு இருக்கும்: "ஒய் என்பது உங்கள் ரேக் எண், எக்ஸ் என்பது கருவியின் எண்." ரேக் என்பது தேர்வருக்கு ஒதுக்கிய கருவிகளின் தொகுதி. இந்த ஒரு வரியைப் படிக்காமல் தாண்டிச் செல்பவர்கள் பிறகு பல மணி நேரம் திண்டாடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, எல்லா ரவுட்டர்களின் லூப்பேக் முகவரியும் (ரவுட்டருக்குள்ளேயே அமைக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸின் முகவரியும்) 10.ஒய்.எக்ஸ்.எக்ஸ்/32 என்ற வடிவில் அமைய வேண்டும் என்று தாள் சொல்வதாகக் கொள்வோம். உங்கள் ரேக் எண் 7 என்றால், ஆர்4 என்ற ரவுட்டரின் லூப்பேக் 10.7.4.4/32 ஆகும், ஆர்12 என்ற ரவுட்டருக்கு அது 10.7.12.12/32 ஆகும். இங்கே எக்ஸ் என்பது ஓர் இலக்கத்துக்கான இடம் அல்ல, ஒரு முழு எண்ணுக்கான இடம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிக்கல் வருவது எழுத்து இரட்டிக்கும்போதுதான். ஒய்ஒய் என்று இரண்டு எழுத்துகள் இட்டிருந்தால் அது ஈரிலக்க ரேக் எண்ணைக் குறிக்கிறது என்பதே வழக்கம். ரேக் எண் 07 என்று அட்டையில் எழுதியிருந்தாலும், ஐபி முகவரியில் அதை 7 என்றே எழுதுங்கள். முகவரியின் பகுதிகளுக்கு முன்னால் சுழியம் இடும் பழக்கம் கருவிப்பெட்டியில் வைத்துக்கொள்ளத் தகுந்த பழக்கமே அல்ல. சில இயங்குதளங்களின் கட்டளைகள், சுழியத்தில் தொடங்கும் எண்ணை எண்ம நிலை எண்ணாகக் கருதி, 010 என்பதை 8 என்று படித்துவிடுகின்றன. கருவியின் பெயரிலும் கடவுச்சொல்லிலும் நிலைமை வேறு. அங்கே 07 என்று தாளில் இருந்தால் 07 என்றே தட்டச்சு செய்ய வேண்டும், ஏனெனில் அவை எண்கள் அல்ல, வெறும் எழுத்துக்கோவைகள்.

இதனினும் குழப்பமானது, எழுத்தும் இலக்கமும் ஒட்டி நிற்கும் வடிவம். "தன்னாட்சி அமைப்பு எண் ஒய்ஒய்1" என்றிருந்து, ரேக் எண் 7 ஆக இருந்தால், விடை 71 என்று முடிவுசெய்வது இயல்பு. ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் ஊகத்தின் மேல் கட்டடம் எழுப்பாதீர்கள். தாளுடன் தந்த வரைபடத்தில் அந்த எண் வேறெங்கேனும் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; முன்னரே அமைக்கப்பட்ட அண்டை ரவுட்டர் எதை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள்; அதன் பிறகும் ஐயம் தீரவில்லை என்றால் தேர்வுக் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். தீர்வைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்ல மாட்டார். கேள்வியின் பொருளைத் தெளிவுபடுத்தக் கேட்பது தேர்வரின் உரிமை. கூச்சத்தால் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் சிசிஐஇயின் ரவுட்டிங், ஸ்விட்சிங் பிரிவின் செய்முறைத் தேர்வு மெய்நிகர்க் கருவிகளில் நடத்தப்பட்டது. 2020 பிப்ரவரியில் அது வடிவமைப்புக்கு மூன்று மணி நேரம், நிறுவுதலுக்கும் இயக்குதலுக்கும் ஐந்து மணி நேரம் என இரண்டு பகுதிகளாக மாற்றப்பட்டது. இரும்புச் சட்டகத்தில் அடுக்கிய கருவிகள் கண்ணிலிருந்து மறைந்தாலும், அவற்றோடு பிறந்த எண் மரபுகள் பயிற்சி ஏடுகளிலும் வரைபடங்களிலும் உயிரோடுதான் இருக்கின்றன.

இரண்டாம் படி: இணைப்புகளின் எண்ணைப் பிரித்தறிதல்

செய்முறைப் பயிற்சிகளில் மிகவும் பரவலான மரபு, ஓர் இணைப்பில் சேரும் ரவுட்டர்களின் எண்களை ஒட்டவைத்து அந்த இணைப்புக்கு எண் தருவது. ஆர்1, ஆர்2 ஆகியவற்றுக்கு இடையிலான இணைப்பு 12. ஆர்4, ஆர்5 ஆகியவற்றுக்கு இடையிலானது 45. சிறிய எண் முதலில் வரும். ஆகவே 54 என்று ஒருவரும் எழுதுவதில்லை. மூன்று ரவுட்டர்கள் ஒரே விலானைப் பகிர்ந்தால், ஆர்1, ஆர்4, ஆர்6 என்ற மூன்றுக்கும் 146 என்று எண் அமையும். அதே எண்ணே விலான் எண்ணாகவும், முகவரியின் மூன்றாம் பகுதியாகவும் வரும். கடைசிப் பகுதியில் ரவுட்டரின் சொந்த எண் நிற்கும். ஆக, 10.7.146.4 என்ற முகவரியைப் பார்த்தவுடன், ஏழாம் ரேக்கில், ஆர்1, ஆர்4, ஆர்6 சேரும் விலானில், ஆர்4இன் முகவரி இது என்று படித்துவிடலாம்.

இந்த மரபின் முழு அருமையும் பழுது பார்க்கும்போது தெரியவரும். வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளை நான்கு வரிகளில் நான்கு முகவரிகளைக் காட்டும்போது, வரைபடத்தைத் திரும்பிப் பார்க்காமலேயே தரவுப் பொட்டலம் எந்த வழியாகச் சென்றது என்பதைச் சொல்லிவிட முடியும். அதனால்தான், தாள் முகவரிகளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை நமக்கே விட்டிருக்கும் இடங்களில்கூட இதே மரபைப் பின்பற்றும்படி நான் வலியுறுத்துகிறேன்.

ஆனால் மரபு எங்கே உடைகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இது புதியவர்கள் மிகுதியாக இடறும் பகுதி என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

ஐபி முகவரியின் ஒரு பகுதி 255ஐத் தாண்ட முடியாது. ஆர்4, ஆர்5, ஆர்6 மூன்றும் சேரும் விலானுக்கு 456 என்று எண் தரலாம், ஏனெனில் விலான் எண்கள் 4094 வரை செல்லும். ஆனால் 10.7.456.0 என்று ஒரு வலையமைப்பு இருக்க முடியாது. இத்தகைய இடத்தில் தாள் வேறோர் எண்ணைத் தந்திருக்கும். அதை வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும், மரபிலிருந்து ஊகிக்கக் கூடாது. ரவுட்டர்களின் எண்ணிக்கை ஒன்பதைத் தாண்டும்போதும் இதே நெருக்கடி எழுகிறது. 123 என்பது ஆர்1, ஆர்2, ஆர்3 சேரும் விலானா, ஆர்12க்கும் ஆர்3க்கும் இடையிலான இணைப்பா, ஆர்1க்கும் ஆர்23க்கும் இடையிலான இணைப்பா என்பதை எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

இன்னொரு உடைப்பு, சப்நெட் மாஸ்க்கின் (முகவரியின் எவ்வளவு பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டுவதன்) நீளத்தில் ஒளிந்திருக்கிறது. மாஸ்க் /24 ஆக இருக்கும்வரை கடைசிப் பகுதியில் ரவுட்டர் எண்ணை இடுவதில் தடையில்லை. ஆர்4, ஆர்5 இணைப்புக்கு /30 தரப்பட்டால், 10.7.45.4 என்பது 4 முதல் 7 வரையிலான தொகுதியின் வலையமைப்பு முகவரியாகிவிடுகிறது. அதை இன்டர்ஃபேஸுக்கு (கருவியின் இணைப்பு முனைக்கு) இட முயன்றால் கருவி ஏற்க மறுக்கும். அந்தத் தொகுதியில் கருவிகளுக்கு உரியவை 5, 6 ஆகிய இரண்டு மட்டுமே. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்எஃப்சி 3021 என்னும் இணைய நெறி ஆவணம், இரு முனை இணைப்புகளில் /31 மாஸ்க்கைப் பயன்படுத்த வழிசெய்தது. அப்படி /31 இட்டால் 4, 5 என்ற இரண்டும் ஒரே தொகுதியில் விழுவதால், ஆர்4க்கும் ஆர்5க்கும் மரபு மீண்டும் பொருந்திவிடுகிறது. ஆனால் ஆர்5, ஆர்6 இணைப்புக்கு அதே /31 பொருந்தாது. 5 என்பது 4–5 தொகுதியிலும் 6 என்பது 6–7 தொகுதியிலும் விழுவதால், இரு முனைகளும் வேறு வேறு சப்நெட்டில் நின்று ஒன்றையொன்று அண்டை என்று ஏற்காமல் போகும். இரண்டு முகவரிகளையும் கருவிகள் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும் என்பதால் இந்தப் பிழை உடனே தெரியவராது. மரபுப்படி முகவரி இடும் முன் மாஸ்க்கைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மூன்றாம் படி: இன்டர்ஃபேஸ் எண்கள்

ரவுட்டர்களில் எண்ணிக்கை பெரும்பாலும் சுழியத்தில் தொடங்குகிறது. கேட்டலிஸ்ட் வகை ஸ்விட்ச்சுகளில் போர்ட் எண்கள் 1இல் தொடங்குகின்றன. ஸ்விட்ச்சில் 1/0/24 என்று இருந்தால், அடுக்கில் முதலாவது ஸ்விட்ச், அதில் சுழியமாம் பகுதி, அதில் இருபத்து நான்காவது போர்ட் என்று பொருள். ரவுட்டரில் 0/0/1 என்பது முதலாவது போர்ட் அன்று, இரண்டாவது போர்ட். இதே காரணத்தால், தொலைநிலை அமர்வுகளைக் குறிக்கும் "விடிஒய் 0 4" என்ற வரி நான்கு அமர்வுகளைக் குறிக்காமல் ஐந்து அமர்வுகளைக் குறிக்கிறது. "எல்லாத் தொலைநிலை அமர்வுகளிலும்" என்று கேள்வி சொன்னால், அந்தக் கருவியில் எத்தனை வரிகள் உள்ளன என்று பார்த்துவிட்டே கட்டளையிட வேண்டும். பல கருவிகளில் அது 0 முதல் 15 வரை, அதாவது பதினாறு.

துணை இன்டர்ஃபேஸின் எண்ணும் விலான் எண்ணும் ஒன்றாக இருப்பது நல்ல பழக்கம், விதி அன்று. 0/0.45 என்ற துணை இன்டர்ஃபேஸ் எந்த விலானில் பேசும் என்பதை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை. உள்ளே எழுதப்படும், விலான் எண்ணைச் சொல்லும் டாட்1க்யூ வரிதான் தீர்மானிக்கிறது. பழுது பார்க்கும் கேள்விகளில், பெயரில் 45 என்றும் உள்ளே 54 என்றும் இருந்தால் கண் பெயரிலேயே நின்றுவிடும் என்பதால், இந்த வரியை விரலை வைத்துப் படித்துப் பழகுங்கள்.

நான்காம் படி: ஒத்திருக்க வேண்டிய எண்ணும் உள்ளூர் எண்ணும்

என் பார்வையில் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படியே. தாளில் ஓர் எண்ணைக் கண்டால், அது அண்டைக் கருவியுடன் ஒத்திருக்க வேண்டிய எண்ணா, அந்தக் கருவிக்குள் மட்டும் பொருள்படும் அடையாளமா என்று உடனே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வகையில் பிழை நேர்ந்தால் வலையமைப்பு எழாது. இரண்டாம் வகையில் பிழை நேர்ந்தால் வலையமைப்பு எழும், ஆனால் கேள்வி அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தால் மதிப்பெண் போகும். இரண்டையும் ஒரே கவனத்தோடு தட்டச்சு செய்ய வேண்டும் என்றாலும், பழுது தேடும்போது எங்கே தேட வேண்டும் என்பதை இந்த வேறுபாடுதான் காட்டுகிறது.

ஓஎஸ்பிஎஃப் செயல்முறை எண் உள்ளூர் எண். ஆர்1இல் 1 என்றும் ஆர்2இல் 100 என்றும் இருந்தாலும் அவை அண்டையாகும். அதே ஓஎஸ்பிஎஃப்பில் வலையமைப்பின் உட்பகுதியைக் குறிக்கும் ஏரியா எண் இரு முனையிலும் ஒத்திருந்தே ஆக வேண்டும். பார்ப்பதற்கு அதே இடத்தில் நிற்கும், இன்னொரு வழிகாட்டும் நெறிமுறையான இஐஜிஆர்பியின் எண்ணோ தன்னாட்சி அமைப்பு எண். அது ஒத்திராவிட்டால் அண்டையுறவு உருவாகாது. ஓஎஸ்பிஎஃப்பை முதலில் கற்றவர்கள் அந்தப் பழக்கத்தில் இஐஜிஆர்பி எண்ணையும் அலட்சியமாகக் கருதுவதும், இஐஜிஆர்பியை முதலில் கற்றவர்கள் ஓஎஸ்பிஎஃப் செயல்முறை எண்ணே பழுதுக்குக் காரணம் என்று எண்ணி நேரத்தைக் கரைப்பதும் வழக்கமான காட்சிகள்.

போர்ட் சேனலின் (பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டியதன்) எண் ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் உள்ளூர் எண். ஒரு முனையில் 12, மறுமுனையில் 21 என்றிருந்தாலும் இணைப்பு எழும். டனல் இன்டர்ஃபேஸின் (வேறொரு வலையமைப்பின் வழியே செல்லும் மெய்நிகர் இணைப்பு முனையின்) எண் உள்ளூர் எண். டனல் கீ ஒத்திருக்க வேண்டும். கீ செயினின் (அண்டைகள் ஒன்றையொன்று உறுதிசெய்யும் கடவுக்குறிகளின் தொகுப்பின்) பெயர் உள்ளூர்ப் பெயர். எம்டி5 என்னும் உறுதிசெய்யும் முறையில் அதற்குள் வரும் கீ எண் ஒத்திருக்க வேண்டும், ஏனெனில் அது பொட்டலத்தோடு சேர்ந்தே பயணிக்கிறது. விஆர்எஃப் (ஒரே ரவுட்டருக்குள் தனித்தியங்கும் வழி அட்டவணை) பெயர் உள்ளூர்ப் பெயர். எந்த வழிகள் எந்த விஆர்எஃப்புக்குப் போகும் என்று சொல்லும் ரவுட் டார்கெட் எண்கள் ஏற்றுமதி, இறக்குமதி ஆகிய இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். அவற்றின் அருகிலேயே அதே வடிவில் நிற்கும் ரவுட் டிஸ்டிங்விஷர், முகவரிகளை வேறுபடுத்திக் காட்டுவதற்காக மட்டுமே இருப்பதால், இரு ரவுட்டர்களில் வேறு வேறாக இருக்கலாம். ஸ்விட்ச்சுகளுக்கு இடையே சுழல் வழிகளைத் தடுக்கும் எம்எஸ்டி முறையில் மண்டலத்தின் பெயர், திருத்த எண், விலான்கள் எந்தெந்த இன்ஸ்டன்ஸில் அடங்கும் என்ற பட்டியல் ஆகிய மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் திருத்த எண்ணையே பலரும் மறக்கிறார்கள்.

பயிற்சியின்போது ஒரு தாளில் இரண்டு நிரல்கள் வரைந்து, நீங்கள் படிக்கும் ஒவ்வொரு நெறிமுறையின் எண்களையும் இந்த இரண்டில் ஒன்றில் எழுதிவாருங்கள். மற்றவர் எழுதிய பட்டியலைப் படிப்பதைவிட, ஒவ்வோர் எண்ணையும் வேண்டுமென்றே மாற்றிப் பார்த்து, உறவு உடைகிறதா இல்லையா என்று கண்டு எழுதும் பட்டியலே நினைவில் நிற்கும்.

ஐந்தாம் படி: எந்த எண்முறை என்று கேட்டல்

ஐபியின் ஆறாம் பதிப்பில் முகவரிகள் பதினாறுநிலை எண்முறையில் எழுதப்படுகின்றன. இருப்பினும் பயிற்சித் தாள்கள், படிக்க எளிதாக இருக்கும் பொருட்டு, பதின்ம எண்களை அப்படியே அங்கே பதிக்கின்றன. ஆர்4, ஆர்5 இணைப்பில் ஆர்4இன் முகவரி 2001:டிபி8:7:45::4 என்றும், ஆர்12இன் லூப்பேக் 2001:டிபி8:7::12 என்றும் வரும். இங்கே 12 என்று எழுதியிருப்பதன் உண்மையான மதிப்பு பதினெட்டு. ஆனால் அதை மாற்றி எழுதப் புறப்படாதீர்கள். தாள் 12 என்று காட்டினால் 12 என்றே தட்டச்சு செய்ய வேண்டும், இங்கே தோற்றமே மரபு. 2001:டிபி8 என்ற முன்னொட்டு ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து அறிந்துகொள்ளுங்கள். நான்காம் பதிப்பில் அதே பணிக்கு 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 ஆகிய மூன்று தொகுதிகள் உள்ளன.

மாற்றி எழுதியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. பல ரவுட்டர்கள் ஒரே நுழைவாயிலாக நிற்க உதவும் எச்எஸ்ஆர்பியின் முதற்பதிப்பில் மெய்நிகர் மேக் (வன்பொருள்) முகவரியின் கடைசி இரண்டு இலக்கங்கள் குழு எண்ணைப் பதினாறுநிலையில் காட்டும். குழு 10 என்றால் அங்கே 0ஏ என்று நிற்கும். குழு 20 என்றால் 14 என்று நிற்கும். 14 என்று கண்டு அதைக் குழு 14 என்று முடிவுசெய்தால், இல்லாத ஒரு குழுவைத் தேடி அலைய நேரும்.

ஏரியா எண்ணும் இரண்டு வடிவங்களில் வரும். ஏரியா 10 என்பதும் 0.0.0.10 என்பதும் ஒன்றே. ஏரியா 256 என்பது 0.0.1.0. அண்டைக் கருவி புள்ளி வடிவில் காட்டினால் மிரள வேண்டாம். நான்கு பைட் தன்னாட்சி அமைப்பு எண்களிலும் இப்படியே இரு வடிவங்கள் உண்டு. ஆர்எஃப்சி 5396 விளக்கும் புள்ளி வடிவில் 65536 என்பது 1.0 என்றும், 65546 என்பது 1.10 என்றும் எழுதப்படும். புள்ளிக்கு முன்னுள்ள எண்ணை 65536ஆல் பெருக்கி, பின்னுள்ளதைக் கூட்டினால் முழு எண் கிடைக்கும். பாதைகளை வடிகட்டும் வடிவக் கோவையில் புள்ளிக்கு "ஏதேனும் ஓர் எழுத்து" என்ற தனிப்பொருள் இருப்பதால், புள்ளி வடிவ எண்ணை அங்கே எழுதும்போது அதற்கு முன்னால் பின்சாய்கோடு (\) இட மறவாதீர்கள்.

ஐஎஸ்-ஐஎஸ் என்னும் வழிகாட்டும் நெறிமுறையில் லூப்பேக் முகவரியிலிருந்து கருவியின் அடையாளத்தை உருவாக்கும் மரபு அழகானது, பழகினால் எளியது. 10.7.4.4 என்பதன் ஒவ்வொரு பகுதியையும் மூன்று இலக்கமாக நிரப்பினால் 010 007 004 004 ஆகும். அந்தப் பன்னிரண்டு இலக்கங்களை நான்கு நான்காகப் பிரித்தால் 0100.0700.4004 கிடைக்கும், முன்னால் ஏரியாவையும் பின்னால் இரு சுழியங்களையும் சேர்த்தால் 49.0001.0100.0700.4004.00 என்று முடியும். முதற்படியில் சுழியம் இடாதீர்கள் என்று சொன்ன நானே இங்கே சுழியம் இடச் சொல்கிறேன். இது ஐபி முகவரி அன்று, நீளம் மாறாத ஓர் அடையாளம் என்பதே காரணம்.

எந்தப் பொட்டலத்துக்கு முன்னுரிமை என்று குறிக்கும் சேவைத்தரப் பகுதியில் ஏஎஃப்31 போன்ற பெயர்களை எண்ணாக மாற்ற ஒரு சிறு வாய்பாடு போதும். முதல் இலக்கத்தை எட்டாலும் இரண்டாம் இலக்கத்தை இரண்டாலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 24 கூட்டல் 2, ஆக 26. இஎஃப் என்பது 46. கேள்வி இந்த எண்ணான டிஎஸ்சிபி மதிப்பைக் கேட்காமல், அதைத் தாங்கும் டிஓஎஸ் பைட்டின் முழு மதிப்பைக் கேட்டால் நான்கால் பெருக்க வேண்டும். 46 அங்கே 184 ஆகிவிடும். ஸ்விட்ச்சுகளில் சுழல் வழிகளைத் தடுக்கும் ஸ்பேனிங் டிரீயின் முன்னுரிமை 4096இன் மடங்காகவே அமையும். கருவி காட்டும் எண்ணில் விலான் எண்ணும் கூட்டப்பட்டிருக்கும். விலான் 10இல் 24586 என்று கண்டால், அது 24576 கூட்டல் 10 என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

ஆறாம் படி: மாஸ்க் எந்த வடிவில் கேட்கப்படுகிறது

ஒரே கருவியில் நிலையான ரவுட் சப்நெட் மாஸ்க்கைக் கேட்கிறது, ஓஎஸ்பிஎஃப்பின் நெட்வொர்க் வரி அதைத் தலைகீழாக்கிய வைல்டுகார்டு மாஸ்க்கைக் கேட்கிறது, வழிகளை வடிகட்டும் பிரிஃபிக்ஸ் லிஸ்ட் நீளத்தைக் கேட்கிறது. 255இலிருந்து கழிப்பதே வைல்டுகார்டைப் பெறும் வழி: /27 என்றால் 224, ஆகவே 31. தொடர்ச்சியற்ற வைல்டுகார்டைக் கேட்கும் கேள்விகளில் இருநிலை எண்ணாகச் சிந்தியுங்கள். 10.7.1.0 என்ற முகவரியோடு 0.0.254.255 என்ற வைல்டுகார்டை இட்டால், மூன்றாம் பகுதியின் கடைசி பிட் மட்டும் ஒத்திருக்க வேண்டும் என்று பொருள். ஆகவே மூன்றாம் பகுதி ஒற்றைப்படையாக உள்ள வலையமைப்புகள் மட்டும் சிக்கும்.

பொட்டலங்களை அனுமதிக்கவோ மறுக்கவோ செய்யும் ஆக்சஸ் லிஸ்ட்டின் எண் வெறும் பெயராகத் தோன்றினாலும் அதன் வகையையும் அதுவே தீர்மானிக்கிறது. 1 முதல் 99 வரையும் 1300 முதல் 1999 வரையும் மூல முகவரியை மட்டும் பார்க்கும் எளிய வகை. 100 முதல் 199 வரையும் 2000 முதல் 2699 வரையும் விரிந்த வகை.

ஏழாம் படி: தனிப்பயன் எண்களும் பொது எண்களும்

1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 தனிப்பயனுக்கென ஒதுக்கியவை 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று. நடுவிலுள்ளது 172.31 வரை மட்டுமே நீளும். பயிற்சித் தாள்களில் ஆர்1க்கு 1.1.1.1, ஆர்2க்கு 2.2.2.2 என்று லூப்பேக் இடுவது பரவலான வழக்கம். மூடிய தேர்வுச் சூழலில் அதனால் தீங்கில்லை; ஆனால் இவை பொது முகவரிகள். 1.1.1.1 என்பது 2018 முதல் கிளவுட்ஃப்ளேர் நடத்தும் பொது டிஎன்எஸ் சேவையின் முகவரி. பயிற்சியில் ஊறிய கை, வேலையிடத்திலும் அதையே இட்டுவிட்டால் அந்தச் சேவை உங்கள் வலையமைப்பிலிருந்து எட்டாமல் போகும்.

தன்னாட்சி அமைப்பு எண்களிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். 64512 முதல் 65534 வரையும், 4200000000 முதல் 4294967294 வரையும் தனிப்பயனுக்கு உரியவை. தாள்களில் வசதிக்காக வரும் 100, 200 போன்றவை பொது எண்கள். "தனிப்பயன் எண்களை நீக்கி அனுப்புக" என்ற கேள்விக்கு உரிய கட்டளை, பாதையில் 100 என்று இருந்தால் அதைத் தொடாது. கட்டளை வேலை செய்யவில்லை என்று எண்ணும் முன் பாதையிலுள்ள எண் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பாருங்கள்.

எட்டாம் படி: தட்டச்சுக்கு முன் ஓர் அட்டவணை

தாளைப் பெற்றவுடன் கட்டளைகளைத் தொடங்காமல், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி என்று அட்டவணை எழுதுங்கள். கருவியின் பெயர், லூப்பேக், ஒவ்வோர் இணைப்பின் முகவரியும் மாஸ்க்கும், விலான், ஏரியா, தன்னாட்சி அமைப்பு எண் என்பவை அதில் இடம்பெறட்டும். எக்ஸ், ஒய் எழுத்துகள் யாவும் இந்த அட்டவணையிலேயே எண்களாக மாறிவிட வேண்டும். கட்டளை எழுதும் நேரத்தில் மனக்கணக்காக மாற்றிக்கொண்டிருந்தால், நான்காவது மணி நேரத்தின் களைப்பில் பிழை உறுதி. மரபுக்கு ஒத்துவராத ஒவ்வோர் எண்ணையும் வட்டமிட்டு வையுங்கள். தாளை அமைப்பவர்கள் பழக்கத்தின் வேகத்தைச் சோதிக்கும் இடங்கள் பெரும்பாலும் அவையே.

நோட்பேடில் ஒரு ரவுட்டருக்கான கட்டளைகளை அமைத்து, எண்ணை மாற்றி மற்றவற்றுக்கு ஒட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் "எல்லா 1ஐயும் 2 ஆக்கு" என்று மாற்றினால் 10 என்பது 20 ஆகும், 112 என்பது 222 ஆகும். ஆகவே வார்ப்புருவில் எக்ஸ் என்ற எழுத்தையே மாற்றத்துக்குரிய குறியாக வைத்து, அதை மட்டும் மாற்றுங்கள். தேர்வுத்தாள் எழுத்துகளைப் பயன்படுத்தும் காரணமும் இதுவே.

இறுதியில், அட்டவணையில் உள்ள எல்லா லூப்பேக் முகவரிகளையும் ஒரு பட்டியலாக்கி, ஒவ்வொரு ரவுட்டரிலிருந்தும் பிங் அனுப்புங்கள். அட்டவணையிலிருந்து பட்டியலை எடுக்காமல், தாளின் வரைபடத்திலிருந்து மீண்டும் ஒருமுறை படித்து எடுங்கள். அட்டவணையிலேயே பிழை இருந்தால், அதிலிருந்து எடுத்த பட்டியல் அந்தப் பிழையையே சரி என்று காட்டும். வரைபடத்திலிருந்து புதிதாக எடுத்த பட்டியலில்தான் பதில் வராத அந்த ஒரு முகவரி வெளிப்படும்.